அம்மை உடம்புக்குள் போன பிறகு ஊசி போட்டால் தப்பிக்கலாமா?

வணக்கம் மக்களே! நாய் கடித்த பிறகுதானே ஊசிக்கு ஓடுகிறோம்? அம்மைக்கும் அப்படி ஓடலாமா? ஓடலாம். ஆனால் வைரஸ் தொற்றியதிலிருந்து பந்தயம் நாலு நாள்தான்.

பெரியம்மை, குரங்கம்மை இரண்டும் பாக்ஸ் வைரஸ் குடும்பம். பெரியம்மை ஒழிந்ததாக 1980ல் அறிவித்தார்கள். வரலாறு அவ்வளவுதான், வாங்க ரயில் ஏறுவோம்.

(திரையில்: ஜோலார்பேட்டை - சென்னை ரயில் பாதை)

பெரியம்மை வைரஸ் ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் வண்டி ஏறுகிறது. அதாவது மூச்சு வழியாக உள்ளே வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும். நிணநீர்க் கட்டி, ரத்தம், மண்ணீரல், மறுபடி ரத்தம். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! காய்ச்சல் என்கிற சென்னைக்கு வந்து சேர ஏறக்குறைய 12 நாள். தடுப்பூசி என்ன செய்கிறது? நேராகத் தோலில் குத்துவதால் காட்பாடியில் எக்ஸ்பிரஸ் ஏறுகிறது. லேட்டாகக் கிளம்பினாலும் முன்னால் போய்ச் சேர்ந்து, உடம்பை உஷார்படுத்திவிடும். பாசஞ்சர் அரக்கோணம் தாண்டிய பிறகு காட்பாடியில் டிக்கெட் எடுத்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் அந்த நாலு நாள் கணக்கு. கொப்புளம் வந்த பிறகு இந்த ஊசி மருந்தாகாது.

சரி, வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தையே ஊசியாகப் போட்டால்? அது அரக்கோணத்தில் ஏற்கெனவே நிற்கும் ரயில்வே போலீஸ். தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ரெடிமேட் ஆன்டிபாடி. உடம்பு தானாகத் தயாரிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சில வாரத்தில் டியூட்டி முடிந்து போய்விடும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்! மருத்துவர் ஹென்றி கெம்பே குழுவின் ஆய்வு 1961ல் வெளியானது. பெரியம்மை வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள்தான் ஆய்வில். தடுப்பூசி மட்டும் போட்ட 379 பேரில் 21 பேருக்கு நோய் வந்தது. கூடவே ஆன்டிபாடியும் வாங்கிய 326 பேரில் 5 பேருக்குத்தான். இதைப் பள்ளிப் பாடத்தில் ஏன் சொல்லித்தரவில்லை என்பது என் ஆதங்கம்.

குரங்கம்மைக்கும் தொடர்பு ஏற்பட்ட 4 நாளுக்குள் தடுப்பூசி என்பதே கணக்கு. 14 நாள் வரை போட்டாலும் நோயின் வேகம் குறையலாம் என்கிறார்கள்.

ஒரு நிமிஷம்! சின்னம்மை இந்தக் குடும்பமே இல்லை, அது ஹெர்பெஸ் வகையறா. நாம்தான் எல்லாவற்றையும் "அம்மை" என்று ஒரே ரேஷன் கார்டில் சேர்த்துவிட்டோம்.

(திரையில்: சுருக்கம் விழுந்த ஒரு கை, அதில் காசளவு தடுப்பூசித் தழும்பு)

இது குடியாத்தத்தில் இருக்கும் என் பாட்டியின் கை. "அம்மை குத்துறவர் தெருவுக்குள்ள வந்தாலே குதிருக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவோம்டா" என்றார். ஒளிந்தும் மாட்டியிருக்கிறார், தழும்பே சாட்சி! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே ஒளிந்தார்கள்? கேட்டு கமென்டில் போடுங்கள்.