கண்ணை அசைத்தால் விபத்தின் நினைவு அழிந்துவிடுமா?

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளிகொண்டா அருகே விபத்து. காயம் ஆறிவிட்டது. ஆனால் ஏர் ஹாரன் சத்தம் கேட்டால் இன்றும் நடுங்குகிறார், இரவில் அலறி எழுகிறார். ‘பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். கண்ணை அசைக்கவைக்கும் சிகிச்சை என்கிறார்களே, அது வசியமா? நினைவே அழிந்துவிடுமா?’ என்று கேட்கிறார்.

வசியம் இல்லை அம்மா. அவர் முழு விழிப்போடு இருப்பார். போதும் என்று தோன்றினால் கையைக் காட்டி நிறுத்தலாம். நினைவும் அழியாது. அந்த விபத்து இன்னும் நடந்துகொண்டே இருப்பதாக உடம்பு நம்புகிறது பாருங்கள், அந்த நம்பிக்கைதான் தளரும்.

கண்முன் விரலை ஆட்டி, அதைக் கண்ணால் தொடரவைத்தால் பயம் போகுமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்குமங்கும் ஓடுகையில் தன்னை உறுத்திய எண்ணத்தின் வேகம் குறைவதைக் கவனித்தார். ஈ.எம்.டி.ஆர். (EMDR) என்ற இந்தக் கண் அசைவுச் சிகிச்சை பிறந்தது அப்படித்தான். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

முதல் நாளே விரலை ஆட்ட மாட்டார்கள். பழைய கதையைக் கேட்பார்கள், பதற்றம் வந்தால் தணித்துக்கொள்ளப் பழக்குவார்கள். அதன் பிறகுதான், மிகவும் வாட்டும் காட்சியை மனத்தில் நிறுத்தி, ‘பூஜ்யம் முதல் பத்துவரை இப்போது எவ்வளவு வேதனை?’ என்று கேட்பார்கள். அவர் ஒன்பது என்பார். அரை நிமிடம்போல விரலைக் கண்ணால் தொடர்வார். ‘இப்போது என்ன வருகிறது?’ மறுபடியும் விரல். கண் வலி உள்ளவர்களுக்குக் கையில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு.

ஏன் குறைகிறது? உங்கள் ஊர்த் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். இழை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் போய்க் கதை சொன்னால், கதை பாதிதான் மனத்தில் ஏறும். கண் விரலைத் துரத்தும்போது விபத்துக் காட்சிக்கும் அதே கதிதான், மங்கலாகத்தான் தெரியும். மங்கியபடியே திரும்பப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவே தேவையில்லை, பயந்ததைப் பத்திரமான இடத்தில் நேருக்கு நேர் பார்ப்பதே வேலை செய்கிறது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத்தான் படுகிறது.

வீடியோ பார்த்து நீங்களே விரலை ஆட்டிவிடாதீர்கள். கிளறிய நினைவை அடக்கத் தெரியாமல் அவர் இன்னும் தவிப்பார். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டி, இந்தப் பயிற்சி பெற்றவர் யார் என்று கேளுங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தாயத்தைக் கழற்ற வேண்டுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இருக்கட்டும். கண் அசைவுக்கு அது இடைஞ்சல் இல்லை.