அடுத்த கன்று எப்போது முடிவாகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் பெரும்பாலானவை பிராமன் இனமும் அதன் கலப்பும்தான். நம் கிர், ஓங்கோல் மாடுகளின் வழிவந்த இனம். வெயிலையும் உண்ணியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஈன்ற பிறகு மறுபடி பருவத்துக்கு வர நாளெடுக்கும்.

சினைக்காலம் ஏறக்குறைய 290 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால், ஈன்ற 75 நாளுக்குள் பசு மீண்டும் சினைபிடிக்க வேண்டும். கன்று முட்டிமுட்டிக் குடித்துக்கொண்டிருக்க, உடம்பும் மெலிந்திருந்தால், சினைமுட்டையை வெளிவிடத் தூண்டும் ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. அப்போது காளையைக் குறைசொல்லிப் பயனில்லை.

அதனால் ஈனும்போது பசுவின் உடற்கட்டு மதிப்பெண் ஐந்துக்கு மூன்றாவது இருக்க வேண்டும். விலா எலும்பு துருத்தித் தெரியக்கூடாது. கையால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். இரண்டுக்கு இறங்கிய பசுவுக்கு ஈன்றபின் எவ்வளவு தீனி போட்டாலும் பெரும்பகுதி பாலாகவே போய்விடும். தலையீற்றுப் பசுக்கள் இன்னும் மோசம். அவை தாமும் வளர வேண்டுமல்லவா?

பசுவின் உடம்பைக் காக்க மலிவான வழி, மடியிலுள்ள கன்றை நேரத்தோடு பிரிப்பது. அங்கே மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் முதல் சுற்று. பிந்திப் பிறந்தவற்றுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டாம் சுற்று. ‘இன்னும் கொஞ்ச நாள் குடிக்கட்டும்’ என்று விட்டால், அடுத்த ஆண்டுக் கன்றே தவறிப்போகலாம். வறட்சி கடுமையானால் 100 கிலோ கன்றையும் பிரிக்கலாம். அதற்கும் சிறியவற்றுக்குப் புரதம் மிகுந்த தீவனத்தைத் தனித் தொட்டியில் வையுங்கள். பெரிய கன்றுகளோடு அடைத்தால் கிட்டவே போக முடியாது. பிரித்த கன்றுகளை ஒரு வாரமாவது பட்டியில் நல்ல உலர்புல், சுத்தமான தண்ணீரோடு வைத்து, ஆள் நடமாட்டத்துக்குப் பழக்குங்கள். புழுதி பறந்தால் தண்ணீர் தெளியுங்கள், கண்நோய் குறையும்.

அங்கே பல நிலங்களில் பாஸ்பரஸ் பற்றாக்குறை. மாடு எலும்பைக் கடித்து மென்றால் அது ஓர் அறிகுறி. அந்த எலும்பாலேயே பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் வந்து சாகவும் கூடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. பாஸ்பரஸ் கலந்த தாது உப்பை மழைக்காலத்தில் வையுங்கள். புல்லில் புரதம் இருக்கும்போதுதான் அது முழுப் பலன் தரும். வறண்ட காலத்தில் யூரியா கலந்த உப்பு வைப்பவர்கள் தொட்டியில் மழைநீர் தேங்க விடாதீர்கள். அந்தக் கரைசலைக் குடித்த மாடு செத்துவிடும்.

காளைகளைச் சேர்க்கைக்கு விட இரண்டு மாதம் முன்பே சோதித்துவிடுங்கள். விந்தணு உருவாக அவ்வளவு நாள் ஆகும். சேர்க்கையால் பரவிச் சினை தவறச் செய்யும் விப்ரியோ நோய்க்கான தடுப்பூசியைக் காளைகளுக்கு முதல் ஆண்டு இரண்டு முறை போட வேண்டும்.

முன்பு சினை உறுதியான பசு, ஈன்றிருக்க வேண்டிய காலத்துக்குப் பிறகு பட்டிக்கு வரும்போது மடிவற்றி வந்தால், நடுவில் கன்று போய்விட்டது என்று பொருள். உடனே காம்புகளைப் பாருங்கள். புட்டிபோல் பருத்த காம்பைப் பிறந்த கன்றால் கவ்வ முடியாது. கொளுத்தும் வெயிலில் ஓரிரு நாளிலேயே நீர் வற்றிச் செத்துவிடும். அப்படிப்பட்ட பசுவை மந்தையில் வைக்காமல் அந்தச் சுற்றிலேயே விற்றுவிடுங்கள்.