முகநூலில் போட்டால் மருத்துவ ஆய்வு பரவுமா?

[திரையில்: திருகோணமலை, கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தின் நுழைவாயில், பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம்]

குரல்: கிண்ணியாவில் டெங்கு பற்றி ஆய்வு செய்த ஒருவரின் கட்டுரை சஞ்சிகையில் வந்துவிட்டது என்று வையுங்கள். அன்றைக்கே முகநூலில் லிங்க் போகும், வட்ஸ்அப் குழுக்களுக்கும் போகும். வாழ்த்துகள் குவியும். ஆனால் கட்டுரையை யாராவது திறந்து படித்தார்களா? இதை எழுமாற்று முறையில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

[திரையில்: 409 / 392]

'சேர்க்குலேஷன்' என்ற இருதயநோய்ச் சஞ்சிகை 243 கட்டுரைகளை எழுமாறாக இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் தன் முகநூல், டுவிட்டர் பக்கங்களில் போட்டது. 30 நாளில் கிடைத்த பார்வைகளின் இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், போட்டவற்றுக்கு 409, போடாதவற்றுக்கு 392. 2015இல் வெளியான இந்த முடிவைப் பார்த்தால், பெரிய சஞ்சிகையின் பக்கத்தில் வந்தாலே போதும் என்று நம்ப முடியாது.

இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் குழுவொன்று 112 கட்டுரைகளில் பாதியை டுவிட்டரில் போட்டது. ஒருவர் போட, குழுவின் மற்றவர்கள் எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள். ஒரு வருடத்தில் போட்டவை சராசரியாக 3.1 மேற்கோள் (வேறு கட்டுரைகள் அதைச் சுட்டிக்காட்டுவது) கூடுதலாகப் பெற்றன, போடாதவை 0.7. எங்கள் கணிப்பில் வேறுபாடு இங்கேதான்: பார்த்தவர்களில் பலர் அதே துறையில் கட்டுரை எழுதுகிறவர்கள்.

அதற்காக மேற்கோளை எண்ணிக்கொண்டு இறங்க வேண்டாம். மருத்துவத்துக்கு வெளியே, 11 விஞ்ஞானிகள் 110 கட்டுரைகளை டுவிட்டரில் போட்டுச் செய்த சோதனை 2024இல் வந்தது. போட்ட அன்று தரவிறக்கம் கூடியது. 3 வருடம் கழித்துப் பார்த்தால் மேற்கோளில் கண்டுபிடிக்கக்கூடிய அதிகரிப்பு எதுவும் இல்லை. 'அதிகம் பகிரப்பட்ட கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது' என்ற கணக்குகளையும் கவனமாகப் படியுங்கள். நல்ல கட்டுரைக்கு இரண்டும் தானாகவே வரும்.

[திரையில்: மூன்று கட்டங்களில் படச் சுருக்கம்]

படம் உதவுகிறது. சத்திரசிகிச்சைச் சஞ்சிகை ஒன்றின் 44 கட்டுரைகளில், கட்டுரையின் சாரத்தை ஒரே படத்தில் காட்டும் படச் சுருக்கத்தோடு போட்ட பதிவுகள் வெறும் தலைப்பை விட 7.7 மடங்கு பேரின் திரைக்குப் போயின. கட்டுரைக்கு வந்தவர்கள் 2.7 மடங்குதான். படத்தோடு திருப்திப்பட்டு நின்றுவிடுபவர்கள் நிறைய. அதனால் படத்திலேயே யாரை ஆராய்ந்தோம், எத்தனை பேர், முக்கிய முடிவு என்ன என்று மூன்றும் எண்களோடு இருக்க வேண்டும்.

இனி நம் ஊர் வேலை. பீ.டி.எஃப் கோப்பையோ ஸ்கிரீன்ஷொட்டையோ மட்டும் அனுப்பாதீர்கள். கட்டுரையின் டி.ஓ.ஐ. லிங்க் (கட்டுரைக்கான நிலையான அடையாள எண் உள்ள லிங்க்) அல்லது சஞ்சிகைப் பக்க லிங்க் இல்லாவிட்டால், ஒரு கட்டுரை இணையத்தில் எங்கெங்கே பேசப்படுகிறது என்று எண்ணும் அல்ட்மெட்ரிக் போன்ற கணக்கெடுப்பில் அந்தப் பகிர்வு பதிவாவது கடினம். வட்ஸ்அப்பில் போவது தனிப்பட்ட பரிமாற்றம், அது அங்கே எண்ணப்படவே மாட்டாது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் பார்ப்பது வட்ஸ்அப்பைத்தான். ஆகவே எண்ணிக்கைக்கு ஒரு பதிவு, ஆட்களுக்கு ஒரு பதிவு என்று இரண்டாகச் செய்யுங்கள்.

கட்டணம் கட்டித் திறக்கும் கட்டுரையென்றால் லிங்க் கொடுத்தும் பயனில்லை. சஞ்சிகை அனுமதிக்கும் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றி, அந்த லிங்க்கையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆட்களுக்கான பதிவு தமிழில், ஐந்தாறு வரிக்குள். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் அடுத்தவர் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். 'இது டெங்குவைத் தடுக்கும்' என்று எழுதுமுன் ஆய்வு அதைக் காட்டியதா, அல்லது அது இருந்த இடத்தில் டெங்கு குறைவாகக் காணப்பட்டது என்றுதான் சொன்னதா என்று பாருங்கள். அவதானிப்பு ஆய்வொன்றை 'மருந்து கண்டுபிடிப்பு' ஆக்கிவிடுவது பெரும்பாலும் இந்த வரிதான்.

பலன் தெரிய வேண்டுமென்றால், போடுமுன் சஞ்சிகைப் பக்கத்தின் பார்வை, தரவிறக்க எண்களைக் குறித்து வைத்து, 7ஆம் நாளும் 30ஆம் நாளும் மறுபடி குறியுங்கள்.

[திரையில்: ஒரு பதிவு, மூன்று சொற்கள் சிவப்புக் கோட்டில்]

தனிநோயாளி அறிக்கை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 'மூதூர், 43 வயது, மீனவர்' என்று மூன்று விவரம் சேர்ந்தாலே ஊருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயர் போடவில்லையே என்பது பாதுகாப்பு அல்ல. சஞ்சிகைக்கு நோயாளி தந்த ஒப்புதல் முகநூலுக்கும் சேர்த்தா என்று ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லையென்றால், பதிவு போடுமுன் அவரிடமே கேட்க வேண்டும்.