ஜி.பி.எஸ். சொல்லாதது

நடுவர் அவர்களே, பாம்பன் பெருமக்களே, வணக்கம். கிறிஸ்தவருக்கும் அறிவியல் ஒன்றே போதிய அறிவு என்றது எதிரணி. போதாது என்பது என் வாதம்.

"கடலுக்குப் போகும்போது கரையில் விட்டுச் செல்வது செபமாலையையா, ஜி.பி.எஸ். கருவியையா?" என்று எதிரணி நண்பர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். இரண்டையும் கொண்டு செல்லும் மக்களிடம் கேட்கும் கேள்வியா இது? நம் கரைக்குத் தெரிந்த ஓர் இரவைச் சொல்கிறேன். நல்ல மீன்பாட்டோடு திரும்பும் விசைப்படகின் வயர்லெஸ்ஸில், "எஞ்சின் நின்றுவிட்டது, காற்று இழுக்கிறது" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தப் படகு எங்கே நிற்கிறது, எவ்வளவு தொலைவு, போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று எல்லாவற்றையும் கருவி பிழையின்றிக் காட்டுகிறது. டிரைவர் டீசலைப் பார்க்கிறார். ஐஸ் கரைவதைப் பார்க்கிறார். பிந்தினால் மீன் விலை போகாது என்பதையும் அறிவார். ஆனாலும் படகைத் திருப்புகிறார். நடுவர் அவர்களே, மறுபடியும் சொல்கிறேன்: இடத்தைக் காட்டியது கருவி, தொலைவைக் காட்டியது கருவி, "திருப்பு" என்று சொன்னது எது? கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் திருப்புவாரே என்பீர்கள். திருப்புவார், ஐயமில்லை, ஆனால் அவருக்கும் அதைச் சொன்னது கருவியன்று.

அறிவியலைப் பழிக்க நான் வரவில்லை. பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்விரிவுக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோல் பேசியபோது, அதை விரும்பாதவரும் அந்தக் குருவே. அறிவியலின் வழி வேறு, விசுவாசத்தின் வழி வேறு என்று அவர் பிரித்தே வைத்தார். அளந்தும் சோதித்தும் அறிவது முதல் வழி, சாட்சிகளின் சொல்லை ஏற்று அறிவது இரண்டாம் வழி. கிறிஸ்துவின் உயிர்ப்பை நாம் அறிவது அந்த இரண்டாம் வழியில். ஒரே முறை நிகழ்ந்ததை எந்த ஆய்வுக்கூடமும் திரும்ப நிகழ்த்திப் பார்க்க முடியாது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. இன்று செயற்கைக்கோள் புயலை முன்னதாகவே காட்டுகிறது, துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது, உயிர்கள் பிழைக்கின்றன. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அடக்கம் செய்ய உடலும் கிடைக்காத தாய், "அவனை மறுபடி காண்பேனா?" என்று கேட்கிறாள். பெத்தானியாவில் சகோதரனை இழந்த மார்த்தாவுக்கு, "உன் சகோதரன் உயிர்த்தெழுவான்" என்று இயேசு தந்த வாக்கைப் பற்றிக்கொண்டே அவள் ஒவ்வொரு நாளும் எழுந்து உலை வைக்கிறாள். அவள் அறிந்திருப்பது அறிவே அன்று என்று, அவள் முகத்தைப் பார்த்து எதிரணியினர் சொல்லட்டும்.