பழைய ரோடு சைக்கிளைச் செப்பனிட்டாச்சு, முதல் ஓட்டம் எங்க? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

தக்கலைப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, எழுபதுகள்ல வந்த ராலே ரோடு சைக்கிள், பத்து கியர், காட்டர்பின் கிராங்க், ஸ்டீல் ரிம். முழுசாப் பிரிச்சு, பெயிண்ட் அடிச்சு, கிரீஸ் வச்சுப் பூட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டிப் பாக்கலாமா?"

ரெண்டு நாளா மனசுல கிடக்குது இந்தக் கேள்வி. கன்னியாகுமரி 20 கிலோமீட்டர் பக்கம் வரும். அங்க வச்சு கிராங்க், அதாவது பெடலைத் தாங்குற கை, ஆட ஆரம்பிச்சா யாரும் உருட்டிக்கிட்டு வரமாட்டாங்க. மெதுவா மிதிச்சே வந்துரலாம்னு வருவாங்க. அந்த மெதுவா மிதிக்கிற தூரத்துலதான் சாமான் கெடும்.

தொடர்ந்து பாக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். புதுசா முறுக்குனது எல்லாமே ஆள் ஏறி மிதிச்ச பிறகுதான் உக்காரும். உக்காந்ததும் தளரும். போன தடவை வீல் நடுவுல இருக்கிற ஹப் கோனுக்குச் சொன்னேன், இன்னைக்குக் காட்டர்பின்னுக்குச் சொல்றேன். கிராங்கை அச்சோட சேத்துப் பூட்டுற ஆணிதான் அது. பின்னோட சாய்வு முகம் அச்சுல முழுசாப் படிய பத்துப் பதினஞ்சு நிமிஷ மிதி வேணும். படிஞ்சதும் நட்டு லூஸாயிரும். அப்படியே ஓட்டுனா பின்னுல படி விழுந்துரும். ஒவ்வொரு சுத்துக்கும் 'டக்'குனு ஒரு தட்டு கேக்கும். அதுக்குப் பிறகு முறுக்கிப் பிரயோஜனம் இல்ல, புதுப் பின்தான்.

அதனால பத்து நிமிஷம் வீட்டைச் சுத்தி ஓட்டுங்க. இறங்குங்க. கிராங்குக்கு அடியில கனமான இரும்புக் குழாயை முட்டுக் குடுத்து, பின்னைச் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டு நட்டை முறுக்குங்க. முட்டு இல்லாம அடிச்சா அடி பூரா உள்ள இருக்கிற குண்டுக்கும் கப்புக்கும் போகும். நட்டை முறுக்கியே பின்னை உள்ள இழுத்துரலாம்னு பாக்காதீங்க, புரி போயிரும். 50 கிலோமீட்டர் ஓடுன பிறகு இன்னொரு தடவை இதே வேலை.

வீல் புதுசாக் கோத்திருந்தா முதல் தெருவுலயே 'பிங் பிங்'னு சத்தம் வரும். பயப்படாதீங்க, முறுக்குல திருகி நின்ன போக்ஸ் கம்பி விடுபடுற சத்தம். ஆனா அதோட ரிம் கொஞ்சம் கோணும், வந்ததும் பெண்டு எடுக்கணும். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஹேண்டில் கப்புல தட்டுனா ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் பத்துத் தடவை பலங்கொண்ட மட்டும் பிடிங்க. கேபிள் நழுவுறதா இருந்தா நிக்கும்போதே நழுவட்டும். வண்டியைக் கயித்துல தொங்கவிட்டு, செயின் பெரிய பல்லைத் தாண்டிப் போக்ஸுக்குள்ள விழாத மாதிரி கியரோட எல்லை ஸ்க்ரூவையும் வச்சுக்கிடுங்க.

ரெண்டாவது ஓட்டத்துக்குச் சுசீந்திரம், தேரூர் வயக்காட்டு ரோடு நல்லது. சமதரை. உங்க பக்கத்து ஏத்த இறக்கம் மூணாவதா வரட்டும், பிரேக் கட்டை ரிம்முல தேஞ்சு பழகுன பிறகு. ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிப் பக்கம் வேண்டாம். ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தா அது சைக்கிளா காத்தான்னே தெரியாது. இதெல்லாம் முடிஞ்சு கன்னியாகுமரி போங்க, சந்தோஷமாப் போங்க. மழை வந்தா மட்டும் ஓரம் கட்டி நின்னுருங்க. நனைஞ்ச ஸ்டீல் ரிம்முல கட்டை பிடிக்காது.

ரிம்முன்னு வந்ததும் தம்பி கேக்காத ஒண்ணு. டயர் எங்க வாங்குனீங்க? இந்த மாடல்கள்ல ரொம்பவும் 27 இஞ்சு ரிம்தான். டயர் உக்கார்ற இடத்தோட விட்டம் 630 மில்லிமீட்டர். நம்ம ஊர் பெரிய சைக்கிளோட 28 இஞ்சு டயர் 635. அஞ்சு மில்லிமீட்டர் பெருசு, அதனால கையாலயே சுகமா ஏறிரும். கடைக்காரர் "சேரும்"னு சொல்லுவார், சேந்த மாதிரியே இருக்கும். காத்து ஏறுனதும், இல்லேன்னா வெயில்ல ஓடும்போது, விளிம்பு ரிம்மை விட்டு வெளிய வந்து டியூப் வெடிக்கும். முன் வீல்ல அப்படி ஆனா ஆளு தரையில கிடப்பார். இப்போ வர்ற 700சி டயரோ 622, இந்த ரிம்முல ஏறவே ஏறாது. ரொம்பச் சுகமா ஏறுன டயரைச் சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, அந்தக் காலத்து ஸ்டீல் ரிம்முக்கு உள்பக்கம் டயரைக் கவ்விப் பிடிக்கிற கொக்கி விளிம்பு கிடையாது. டயர்ல 90ன்னு போட்டிருந்தாலும் 70 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க. முதல்ல 30 ஏத்தி வீலைச் சுத்துங்க. டயர் ஓரத்துல ஒரு மெல்லிசுக் கோடு ஓடும். அது ரிம்முல இருந்து சுத்திலும் ஒரே உயரத்துல இருக்கணும். எங்கயாவது மேல எழும்புனா காத்தை இறக்கிட்டு மறுபடி உக்கார வைங்க.

தம்பி, உங்க டயர் பக்கவாட்டுல அச்சடிச்ச எண்ணைப் படம் பிடிச்சு அனுப்புங்க. 630ன்னு இருக்கணும். அதைப் பாக்காம தெருவுலகூட ஏறாதீங்க.