கபடி களம் ஏன் வெடிக்குது, ஏன் வழுக்குது?

அடுத்த கேள்வி குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி. "கபடி களத்துக்கு ஏரி வண்டல் கொட்டினோம்ணா. காஞ்சா ஓடாட்டம் வெடிக்குது, தண்ணி விட்டா வழுக்குது. மேல மணல் தூவட்டுமா?"

தூவாதீங்க தம்பி. வண்டல்ல களி ஜாஸ்தி. களி தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், அதான் வெடிப்பு. அதுல ரெண்டு கூடை மணல் போட்டீங்கன்னா இன்னும் கல்லாட்டம் இறுகிடும். எம்சாண்ட், அதாவது கல்லை உடைச்சு செய்யுற மணல் பக்கமே போகாதீங்க, ஒவ்வொரு மணியும் கூர். முட்டித் தோலை உரிச்சிடும். பாலாத்துல ராத்திரி மணல் அள்ள வண்டி விடுற யோசனையும் வேணாம், கேஸாயிடும்.

வண்டலை வழிச்சு ஓரமா குவிங்க. செம்மண் கொண்டாந்து கால் இன்ச் சல்லடையில சலிங்க. ஒரு பிடி ஈரமாக்கி உருண்டை பிடிச்சு, இடுப்பு உயரத்துல இருந்து போடுங்க. அப்படியே உருண்டையா கிடந்தா களி அதிகம். பொலபொலன்னு தூளானா களி பத்தல, அப்ப ஓரமா வச்ச வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. நாலஞ்சு துண்டா உடையணும், அதான் பதம். இந்த ஒரு சோதனையை மட்டும் சோம்பல்பட்டு விட்டுடாதீங்க.

ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். ஓரமும் சேத்து 48 அடிக்கு 38 அடி, 2 இன்ச் கனம்னா 3 யூனிட் மண் வரும் (ஒரு யூனிட்னா 100 கன அடி). உருட்டினா அமுங்கும், 4 யூனிட்டா இறக்குங்க. நடுவுல 2 இன்ச் தூக்கி ரெண்டு பக்கமும் சரிச்சு விட்டா மழைத் தண்ணி நிக்காது. மரத்தூள் ரெண்டு மூணு மூட்டை கலக்கலாம், விழுந்தா மெத்துனு இருக்கும். எருவும் போடுறது பழைய வழக்கம்தான், ஆனா சிராய்ப்புல டெட்டனஸ் வர்றதுக்கு வழி அது. நான் போடச் சொல்லமாட்டேன்.

தண்ணியை ஆட்டத்துக்கு முன்னாடி விடுறதுதான் பாதி வழுக்கலுக்குக் காரணம். மேல் அரை இன்ச் சேறாகும், கீழ காஞ்சே கிடக்கும். நம்ம வேலூர் வெயிலுக்கு முந்தின நாள் சாயங்காலமே நல்லா ஊற விட்டுடுங்க. காலையில மண்ணைப் பிடிச்சா பிடி நிக்கணும், கையில ஒட்டக்கூடாது. அப்ப உருளை ஓட்டுங்க. ஒட்டுச்சுன்னா இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க. அப்புறம் பல்கட்டையால மேலாக்க கீறி விடுங்க.

கோட்டுக்குச் சுண்ணாம்பு போடாதீங்க, கண்ணுல பட்டா கண்ணுக்கே ஆபத்து. கோலமாவு போதும்; கோடு 2 இன்ச்சுக்கு மேல போகவேணாம்.