மணல் தட்டுக்கு முன்னால் கேள்வி வேண்டாம்

குழந்தைகளோடு ஆலோசகராக வேலை செய்ய வந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஏழு வயதுக் குழந்தையை எதிரே உட்காரவைத்து, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பிள்ளை மறைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கனப்பதைச் சொல்லாக மாற்ற அந்த வயதில் இன்னும் வராது. கைக்கு வரும்.

1929-இல் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் தம்மிடம் வந்த குழந்தைகளுக்குச் சின்னப் பொம்மைகளும் மணலும் வைத்திருந்தார். பொம்மைகளை மணலுக்குள் கொண்டுபோய் உலகம் கட்டியவர்கள் அந்தக் குழந்தைகளேதான். அவர் அதைத் தடுக்காமல் கவனித்தார். மணல் தட்டில் குழந்தையைத் தன் உலகத்தைக் கட்டவிடும் இந்த முறை பிறந்தது அப்படித்தான்.

தட்டு சுமார் 72 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 7 ஆழம் இருக்கட்டும். தலையைத் திருப்பாமல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். உட்புறம் நீல வண்ணம் பூசுங்கள், தோண்டினால் தண்ணீர் தெரியும். பாதி ஆழத்துக்கு மணல் போதும். அலமாரியில் மனிதர்கள், வீட்டு விலங்கு, காட்டு விலங்கு, வேலி, பாலம், வண்டி, மரம் எல்லாம் வேண்டும். பேயும் பாம்பும் சிப்பாயும் கட்டாயம் வேண்டும். அழகான பொம்மைகளை மட்டும் அடுக்கிவைத்தால், பயத்துக்கு இங்கே இடமில்லை என்று குழந்தை புரிந்துகொள்ளும். வாராவாரம் அதே பொம்மை அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இனி நம் வாய்தான் பிரச்சினை. "இது புலியா?" என்று கேட்காதீர்கள். நமக்குப் புலி, அதை வைத்த சிறுமிக்கு அது அப்பாவாக இருக்கலாம். அவள் பெயர் வைக்கும்வரை "அது" என்றே சொல்லுங்கள்: "அதை வேலிக்கு வெளியே வச்சுட்டே." அவ்வளவு போதும். "ஏன்" வேண்டாம். "ரொம்ப அழகா இருக்கு" என்பதும் வேண்டாம், அடுத்த வாரம் உங்களுக்காகக் கட்டத் தொடங்குவாள். கறுப்பு நிறம் என்றால் துயரம் என்பதுபோல அகராதி பார்த்துப் பொருள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

மணலை வீசினால்? முதலில் உணர்ச்சி, பிறகு எல்லை, பிறகு மாற்று வழி. "உனக்கு என் மேல கோபம். மணலை ஆள் மேல வீசக் கூடாது. அந்தத் தலையணையைக் குத்தலாம்." எல்லையை முதலில் சொன்னால் குழந்தையின் காதில் விழுவது திட்டு மட்டுமே.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர்களுக்குப் பொம்மையை நீட்டினால் அவமானமாகப் படலாம். களிமண், படத்துண்டு ஒட்டுதல், அவர்களே தேர்ந்த பாட்டு என்று கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட்டின் கிறுக்கல் விளையாட்டும் நன்றாக வேலை செய்யும்: நீங்கள் ஒரு கோடு கிறுக்குங்கள், அவர்கள் அதை ஏதாவதாக ஆக்கட்டும். பிறகு முறை மாறும்.

விளையாட்டில் வன்கொடுமையின் சாயல் தெரிந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். உங்கள் கேள்வி குழந்தையின் சொல்லோடு கலந்துவிடும், பிறகு விசாரணையில் அதைப் பிரிக்க முடியாது. குழந்தை சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்து, சட்டப்படி தெரிவிக்க வேண்டியவருக்குத் தெரிவியுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் நாளே குழந்தையிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அமர்வு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அதைக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை வெளியே போன பிறகே தட்டைக் கலையுங்கள். அவள் கண்ணெதிரே அவள் உலகத்தை அள்ளிப் போடாதீர்கள். வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடமும் முன்பே பேசிவையுங்கள்: "இன்னிக்கு உள்ளே என்ன பண்ணினே?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்க வேண்டாம்.